கார் ஜன்னலில் ஒரு தட்டு

சென்னை கதீட்ரல் சாலையில், ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிக்கு அருகே, மரங்கள் அடர்ந்த வளாகத்தில் 1962-இல் திறக்கப்பட்டது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். நிறுவியவர் கே. கிருஷ்ணா ராவ், உடுப்பிச் சமையலைச் சென்னைக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர்.

காரை மரநிழலில் நிறுத்தினால் போதும். சர்வர் வந்து ஆர்டர் கேட்பார். ஜன்னலில் மாட்டும் தட்டில் சாம்பார் வடையும் ஃபில்டர் காபியும் வந்து சேரும். குழந்தைகளுக்கு அதுவே திருவிழா.

ஆனால் அந்த இடத்தின் உயிர் கார்களில் இல்லை. உள்ளே மேசைகளைச் சுற்றிக் கல்லூரி மாணவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமா வாய்ப்பு தேடி வந்தவர்கள் என்று எப்போதும் கூட்டம். ஒரே ஒரு காபி சொல்லிவிட்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம். கையில் காசில்லாத வயதில் அதைவிடப் பெரிய உபசாரம் ஏது!

நில உரிமை வழக்கு நீண்டு, 2008-இல் உணவகம் மூடப்பட்டது. அங்கே 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. அழகான பூங்கா, மரங்களும் பிழைத்தன. சுடச்சுட போண்டாவுடன் அரட்டை அடிக்கத்தான் அங்கே மேசை இல்லை.

சற்றுத் தள்ளி, ராதாகிருஷ்ணன் சாலையில் அதே குடும்பத்துப் பெயரோடு நியூ உட்லண்ட்ஸ் இருக்கிறது. காபி குடிக்கப் பழைய மாணவர்கள் இப்போது அங்கே போகலாம்.