கரட்டுக்குக் குளிர்தான் வேண்டுமா?

2024 ஜனவரியில் இலங்கைச் சந்தைகளில் ஒரு கிலோ கரட் 2,000 ரூபாயைத் தொட்டது. நுவரெலியாவில் கரட் பாத்திகளுக்கு இராக்காவல் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவில் மலையகத்து வீதிகள் துண்டிக்கப்பட்டு, மேலே விளைந்த மரக்கறி கீழே இறங்க வழியில்லாமல் போனது. இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது: கரட்டை ஏன் மலையோடு கட்டிவைக்க வேண்டும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் கற்பிட்டி மணலிலும் தாராளமாகப் போடலாமே என்று. மலையில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குளிர் படாத கரட் என்ன கரட் என்பார்கள். யோசனை சொல்கிறவர்கள் வெயிலைக் குறைத்து எடைபோடுகிறார்கள், சிரிக்கிறவர்கள் குளிரைக் கூட்டி எடைபோடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வெயில் கரட்டை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வேருக்கு நல்ல நிறம் ஏறுவது ஏறக்குறைய 16 முதல் 21 பாகை செல்சியஸ் வரையில். 25ஐத் தாண்டித் தொடர்ந்தால் கரோட்டீன் குறையும், வேர் கட்டையாகும், இனிப்புக்கு முன்னால் ஒரு காட்டமான கசப்பு நாக்கில் நிற்கும். கோடையில் தாழ்நிலத்தில் பிடுங்கிய கரட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிவளையம் மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். நடுவே வெளிறிய மஞ்சள் தண்டு தடித்துக் கிடக்கும். கத்தி அதைத் தொட்டதும் நறநறவென்று தடுக்கும். தோள்பட்டை மண்ணுக்கு வெளியே தெரிந்திருந்தால் அங்கே பச்சையும் ஏறியிருக்கும். கறிக்குப் போட்டால் கிடக்கட்டும், சலாதுக்கு ஆகாது.

ஆனால் பெரிய சேதம் அதற்கு வெகுமுன்பே நடந்துவிடுகிறது. கரட் விதை மிகச் சிறியது. ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கீழே போட்டால் மேலே வரத் தெம்பிருக்காது. முளைக்க ஒரு வாரம் எடுக்கும், சில வேளை மூன்று வாரமும் ஆகும். மண் 35 பாகைக்கு மேல் சூடானால் பெரும்பாலும் முளைப்பதே இல்லை. மத்தியான வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும். அந்த மேல் ஒரு சென்ரிமீற்றர் ஒரேயொரு மத்தியானம் பொருக்குத் தட்டினாலும் பாதி விதைப்புப் போய்விடும். தப்பி முளைத்த நாற்றின் ஆணிவேர் முதல் சில வாரங்களிலேயே தன் நீளத்தை எட்டிவிடுகிறது, தடிப்பது பிறகுதான். அதற்குள் கல்லோ, மக்காத எருவோ, வட்டப்புழுவோ நுனியைத் தொட்டால் வேர் கவர்விட்டுப் போகும். அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் அது நிமிராது.

இந்தத் தடைகளைத் தாண்டத்தான் வெப்பத்தைத் தாங்கும் இனங்கள் வந்தன. இலங்கையில் அது பெரும்பாலும் நியூ குரோடா, ஜப்பானிய வழி வந்தது. மேட்டிலும் தாழ்விலும் ஒத்துப்போகிறது, மூன்று மாதம் சொச்சத்தில் பிடுங்கலாம், வேர் கட்டையாக இருந்தாலும் நிறம் விழுவதில்லை. இந்தியாவில் வடக்குச் சமவெளிக்கென்று பூசா ருதிரா போன்ற சிவப்புக் கரட் இனங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வெயிலுக்கு இணங்கிய கரட் பூக்கச் சிறிய குளிரே போதும். ஆகவே தாழ்நிலத்தில் நன்றாக இருந்த விதையைக் கொண்டுவந்து நுவரெலியாவின் மார்கழிப் பனியில் போட்டால் வேர் தடிக்கும் முன்பே பூத்தண்டு நீட்டிவிடலாம். விதைப் பைக்கற்றில் ‘வெப்பம் தாங்கும்’ என்று பெரிதாக அச்சடிக்கிறவர்கள் இந்த மறுபக்கத்தை அச்சடிப்பதில்லை.

செம்மண்ணின் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கரட்டுக்குப் பிடித்த மண் அமிலத்தன்மை (pH) 6 முதல் 6.8 வரை. தேயிலை மலையில் அது பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில், தேயிலைக்கு அதுவே பொருத்தம். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணோ நடுநிலையை ஒட்டியது. சரிவு இல்லை, ஒரு மழைக்கு மேல்மண் ஆற்றில் போவதில்லை. கற்பிட்டி மணலில் வேர் அம்பு மாதிரி நேராக இறங்கும். மலையின் ஈரத்தில் இலைக்கு வரும் கருகல் நோய் அங்கே குறைவு, மருந்தடிப்பும் குறையும். வெறும் மண்ணை மட்டும் ஒப்பிட்டால் நுவரெலியா தோற்றுவிடும். 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே குடியேறி ஐரோப்பிய மரக்கறி போடத் தொடங்கியபோது அவரை இழுத்தது குளிர்தான். நாமும் இன்றுவரை அந்தக் குளிரின் பெயரில்தான் விற்கிறோம்.

அப்படியானால் தாழ்நிலத்தில் வருடம் முழுக்கப் போடலாமா? இங்கேதான் வாதம் சறுக்குகிறது. உலகத்தில் வெயிலும் வறட்சியுமான இடங்களில் நல்ல கரட் விளைவது உண்மை. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு பாலைவனம். அங்குள்ள ஹோல்ட்வில் என்ற சிற்றூர் தன்னைக் கரட்டின் தலைநகர் என்றே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே விதைப்பது இலையுதிர் காலத்தில், பிடுங்குவது குளிர்காலத்திலும் இளவேனிலிலும், பாய்ச்சுவது கொலராடோ ஆற்றின் தண்ணீரை. இஸ்ரேலின் தெற்கிலும் மணலில் இப்படித்தான் செய்கிறார்கள். சூடான நாட்டுக்குள் ஒரு குளிர்ந்த பருவத்தைக் கண்டுபிடித்து அதற்குள் பயிரை ஒளித்துவைக்கும் வித்தை இது. கோடைச் சூட்டோடு மோதுகிறவர் யாரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிர்ந்த பருவம் மெல்லியது. மார்கழி, தையிலும் சராசரி 25, 26 பாகைதான். பெரும்போகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின் நடுவே விதைத்து மாசி வாக்கில் பிடுங்க வேண்டும். சோளகக் காற்று தொடங்குவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மலையில் கரட்டுக்குத் தட்டுப்பாடு வருவது எப்போது? வடகீழ்ப் பருவமழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து பாத்தி அழுகிய பிறகு, மார்கழி, தையில். அதே மழைதான் யாழ்ப்பாணத்தில் அப்போது முளைத்து நிற்கும் நாற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. தப்பியது சந்தைக்கு வருவது மாசியில், மலையில் வெயில் பிடித்து வரத்தும் மீண்டும் கூடும் நேரத்தில். 2,000 ரூபாய் விலையைப் பார்த்து அடுத்த வருடம் கரட் போட்ட வடபகுதி விவசாயி அந்த விலையைக் காண்பது அரிது. தட்டுப்பாட்டுக்கு மருந்தாக இதைச் சொல்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு தண்ணீரில் இருக்கிறது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர். கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும். போட்ட யூரியா மணலிலும் சுண்ணாம்பிலும் நிற்காமல் நேரே கிணற்றுக்கு இறங்கும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. கரட் மட்டுமே இதற்குக் காரணமில்லை. வெங்காயமும் மலசலகூடக் குழிகளும் கூட்டுச் சேர்ந்தவை. ஆனால் முளைக்கும்வரை தினமும் ஈரம் கேட்கும் ஒரு பயிரை அந்தத் தண்ணீரின் மேல் மேலும் ஏற்றுவதானால், விலைப்பட்டியலில் கிணற்றையும் சேர்க்க வேண்டும்.

வறட்சிக் கரட்டின் செய்முறை உண்மையில் அதிகம் தேவைப்படும் இடம் நம்முடைய மலைதான் என்று எனக்குப் படுகிறது. நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் தை முதல் பங்குனி வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இரவில் உறைபனி, பகலில் தோலை உரிக்கும் வெயில். ஊவாப் பக்கம் வெலிமடை, பண்டாரவளையில் ஆனி முதல் ஆவணி வரை காய்ந்த காற்று. ஓடைகள் நூலாகிவிடும் அந்த மாதங்களிலும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஸ்பிரிங்ளர் சுழல்வதை வீதியிலிருந்தே பார்க்கலாம். தண்ணீரில் ஒரு பங்கு காற்றோடு போகும். விதையைக் கையால் தூவிவிட்டு, அடர்த்தியாக முளைத்ததை ஐதாக்க ஆள் இல்லாமல் விட்டுவிடுவார்கள். கோழி எருவைப் புதிதாகவே கொட்டுவார்கள். கவர்விட்ட கரட் ஏன் இத்தனை என்று பிறகு விதைக் கம்பனியைத் திட்டுவார்கள்.

வெயில் நாட்டு விவசாயி செய்வது எளிய வேலைதான்: பாத்தியை முதல் நாளே நனைத்துவிட்டு, மாலையில் விதைத்து, மேலே வைக்கோல் பரப்பி, விடியற்காலையிலும் மாலையிலும் பூவாளியால் தூவுவார். முளை தலை காட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். எங்களுக்கு வைக்கோல் அரிது. தேயிலை மலை ஓரத்தில் தேவைக்கு மேல் மானாப்புல் இருக்கிறது. விதை முற்றுமுன் அறுத்து உலர்த்திப் போட்டால் அதே வேலையைச் செய்யும்.

மலையின் குளிர் கொடுத்த தரத்தை நாங்களே தொலைக்கும் இடமும் ஒன்று உண்டு. பிடுங்கிய கரட்டைத் தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவுவது நெடுநாள் வழக்கம். இப்போது பல இடங்களில் இயந்திரம். பளபளவென்று இருந்தால்தான் முதலாளி எடுப்பார். தோல் உரசி, ஈரத்தோடு சாக்கில் திணித்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் இறங்கித் தம்புள்ளை வெக்கையில் அவிழ்க்கும்போது அழுகலும் வாடலும் தொடங்கியிருக்கும். 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்கியபோது வியாபாரிகளும் விவசாயிகளும் தெருவில் இறங்கினார்கள். வெற்றுக் கூடையைத் திருப்பி ஏற்றிவரும் செலவு யாருடையது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் சட்டம் மட்டும் வந்ததால் அது நிற்கவில்லை, சாக்கு நின்றது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் காலையில் பிடுங்கி மத்தியானம் திருநெல்வேலிச் சந்தைக்கு மண்ணோடு வரும் கட்டைக் கரட், அங்கே சாப்பிடுகிறவருக்கு நம்முடையதைவிட மேலாகத் தெரிந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவும் நிலம் கையில் உள்ளவர்களுக்குச் சொல்லக்கூடியவை. செம்மண் விவசாயிக்குக் கிணறாவது சொந்தம். லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கரில் கரட் போடும் தோட்டத் தொழிலாளிக்கும், கொழுந்து எடுக்காத தேயிலைத் துண்டை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுக்கும் இளைஞனுக்கும் மண்ணும் சொந்தமில்லை, ஓடையும் சொந்தமில்லை. தேயிலை விட்டுப்போன அமில மண்ணுக்கு டொலமைட் போடச் சொல்லி அதிகாரிகள் அறிவுரை தருகிறார்கள், சரியான அறிவுரைதான். டொலமைட் மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்காகும். குத்தகை அதற்குள் முடிந்து, திருத்திய மண் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அதனால் குத்தகைக்காரர் அந்தப் பணத்துக்கு யூரியாவும் கோழி எருவும் வாங்குகிறார்.