பெல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஐபிஎஸ்சி துப்பாக்கிப் போட்டிகளில் பெற்ற புள்ளியை ஆன நொடிகளால் வகுத்தே பெரும்பாலும் கணக்கு. அதனால்தான் செக் நாட்டின் சிஇசட் ஷேடோ 2 கைத்துப்பாக்கி எனக்கு அவ்வளவு பிடிக்கும். எஃகு உடம்பு, 1.3 கிலோவுக்கு மேல் எடை. ஸ்லைடு சட்டத்துக்கு உள்ளே பதிந்து ஓடுவதால் குழல் கைக்கு நெருங்கித் தாழ்ந்திருக்கும். சுட்டதும் முனை அதிகம் துள்ளாது; அடுத்த குறிக்கு நொடிகள் வீணாகாது. விசையின் முதல் இழுப்பு நீளம், கனம். அடுத்தவை சுருக்கம், லேசு. இரண்டுக்கும் விரல் பழக வேண்டும்.

புதியவர்கள் துப்பாக்கிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, உறையையும் மேகசின்களையும் தாங்கும் பெல்ட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். தப்பு! உள்ளொன்று, மேலொன்று என வெல்க்ரோவில் ஒட்டும் விறைப்பான இரட்டை பெல்ட் அவசியம். தளர்ந்திருந்தால் துப்பாக்கியை உருவும்போது உறையும் கூடவே எழும்பும். மேகசின்களைக் குண்டுமுனை முன்னோக்க வையுங்கள்; ஆள்காட்டி விரல் அந்த முனையில் பட்டதும், பார்க்காமலே பிடிக்குள் செருகிவிடலாம்.