ஒரு சொல், நாலு நொடி

திரை முழுக்க ஒரு மூக்கு. கீழே ஒரு விரல் அங்கும் இங்கும் அலைகிறது. சமயம் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் விரல் நேரே மூக்குத் துளைக்குள்! அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்து நிற்கும்.

'வாரியோவேர்' விளையாட்டை நான் இப்படித்தான் முதலில் பார்த்தேன். 2003-இல் நிண்டெண்டோ தன் கேம் பாய் அட்வான்ஸ் கைக்கருவிக்காக வெளியிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட பொடி ஆட்டங்கள், பெரும்பாலானவை நாலைந்து நொடிதான். ஒரே ஒரு சொல் மின்னும். என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதும் செய்வதும் அதற்குள் நடந்தாக வேண்டும். நாலு தடவை தவறினால் போச்சு. போகப்போக இசை வேகமெடுக்கும், ஆட்டமும் வேகமெடுக்கும். டாங்கி காங், செல்டா மாதிரியான பெரிய பெரிய ஆட்டங்களைக்கூடச் சில நொடிக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். என்ன மூளையப்பா அது!

பாரீஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்த கருவி அது. இரண்டு பென்டார்ச் கட்டை போட்டால் ஓடும். திரைக்குள் விளக்கு கிடையாது, வெளிச்சம் மேலே விழுந்தால்தான் படம் தெரியும். அதனால் திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஆடுகளம். கட்டளைகளோ பிரெஞ்சில்! எனக்கு ஒரு எழுத்து புரியாது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. எட்டிப் பார்த்துக்கொண்டே "குதி!", "பிடி!", "ஒதுங்குடா!" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

இந்த ஊரில்தான், திருமலைராயன் அவையில், காளமேகப் புலவர் எமகண்டம் பாடியதாகக் கதை. கீழே நெருப்பு, மேலே தொங்கும் பலகை, சுற்றிலும் சொல்லை வீசுகிற புலவர்கள். வீசிய கையோடு பாட்டு வர வேண்டும். தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதே சிலிர்ப்பு அந்தச் சின்னக் கருவியிலும் இருந்தது. யோசிக்க நேரம் இல்லாதபோது மனசு எவ்வளவு தெளிவாகிவிடுகிறது! முதல் நாள் பத்து ஆட்டம் தாண்டவில்லை. ஒரு வாரத்தில் முப்பதைத் தொட்டேன். கட்டைவிரல் நுனி கன்றிப்போய்ப் பளபளத்தது, அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வேகத்தில் தாத்தாவின் "குதி" வந்து சேர்வதற்குள் என் விரல் குதித்து முடித்திருக்கும். ஒரு நாள் அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கு ஆட்டம் வந்ததும் கையை நீட்டினார்.

"குடுடா, இத நான் போடுறேன்."

போட்டார். நேரே துளைக்குள்.