ரகுவைப் பார்க்க வந்த கூட்டம்

2023-இல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். யானைக்குட்டி ரகுவை பொம்மனும் பெள்ளியும் வளர்க்கும் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா, அவர்களுடைய காட்டுநாயக்கர் சமூகத்துக்கு முதுமலைக் காட்டில் என்ன உரிமை என்று படம் கேட்கவே இல்லை. விருதுக்குப் பிறகு தெப்பக்காடு முகாமில் கூட்டம் கூடியது; யானையோடு சேர்ந்து அவர்களும் காட்சிப்பொருள் ஆனார்கள்.

வனவிலங்குக்காக ஓர் ஊரை இடம்பெயர்க்க, கிராம சபையின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். சுற்றுலா வண்டிகள் வருவதற்கு யாரிடம் சம்மதம் கேட்கிறோம்?

சின்னசேலத்துக்காரனான எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நம்ம கல்வராயன் மலையில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போகிற நாம, மலையாளிப் பழங்குடிகள் வாழும் மலைக்குத்தான் போகிறோம். சுற்றுலாத் திட்டம் போடுறவங்க முதல்ல அவங்க கிராம சபையில உட்காரணும்.