கூத்தும் ஒழுக்கக் கண்டனமும்

ஆடவல்லானை முழுமுதற் கடவுளாகப் போற்றும் சைவ மரபிலே ‘கூத்தாடி’ என்னும் சொல் வசையாகவும் வழங்குவது ஒரு முரண்பாடாகும். இதன் தன்மையை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலமைந்த பழுகாமம் முதலிய ஊர்கள் சார்ந்த கூத்து மரபைக்கொண்டு ஆராய்தல் பொருந்தும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களிலே கணிகையர் ஆடுவதை வன்மையாகக் கண்டித்தார். 1890களிற் சென்னையிலும் சதிருக்கு எதிரான இயக்கம் எழுந்தது. 1947இல் அம்மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இக்கண்டனங்கள் ஆடுபவளின் வாழ்க்கையையும், அவளைத் தம் உடைமையாகக் கருதிய செல்வரின் நடத்தையையுமே பெரிதும் நோக்கின. பெண்ணைச் சுரண்டும் ஒரு முறையைக் கண்டித்த அளவில் அவை நியாயமானவை. ஆயின், முறையின் குற்றத்தை ஆட்டத்தின்மேல் ஏற்றியமை அவற்றின் குறைபாடாகும்.

மட்டக்களப்புக் கூத்தின் நிலை வேறு. வடமோடியாயினும் தென்மோடியாயினும், ஆடுவோர் அவ்வூர் உழவரும் தொழிலாளருமே. அண்ணாவியாரிடம் பல மாதம் பழகிச் சதங்கை அணிந்து, வட்டக்களரியில் விடியும்வரை ஆடுவர். பாரத, இராமாயணக் கதைகளே பெரும்பாலும் ஆடப்படுவன. இங்குக் கணிகையுமில்லை; அவளைப் பேணும் செல்வருமில்லை. எனவே சதிருக்குரிய கண்டனம் கூத்துக்குப் பொருந்தாது.

இவ்விடத்திற் கூத்தை ஆதரிப்போர், “பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடுவர், ஆதலின் ஒழுக்கக்கேடு இல்லை” என வாதிடுவதுண்டு. கேட்பதற்கு இனிய இவ்வாதம், கண்டிப்போரின் அடிப்படைக் கொள்கையை முழுதாக ஒப்புக்கொள்கிறது. பெண் ஆடுவதே இழுக்கு என்பது அதன் உட்பொருள். அவ்வாறாயின், அதே மட்டக்களப்பிற் கோயில் முன்றிலிலே பெண்கள் கும்மியடிப்பது எவ்வாறு ஏற்புடையதாயிற்று? ஆட்டம் தீதன்று, ஊரறிய, இரவெல்லாம், கதை மாந்தராகி ஒரு பெண் களரியில் நிற்பதே விலக்கப்பட்டது. ஒழுக்கம் என்னும் பெயரால் இங்குக் காக்கப்பட்டது பொதுவெளியில் ஆணின் உரிமையே எனலாம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றைப் பல்கலைக்கழக அரங்கேற்றியபின், கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பு உண்டாயிற்று. ‘கூத்தாடி’ என்னும் வசையின் கூர்மையும் மழுங்கலாயிற்று. அண்மைக்காலத்தில் மட்டக்களப்பிற் பெண்களும் கூத்தாடுகின்றனர். இதனைப் புதுமைப் பித்து எனத் தள்ளுதல் தகாது. ஒரு கலையை ஒழுக்கத்தின் பெயராற் காக்க முனைவோர், அவ்வொழுக்கம் எவரைக் களரிக்கு வெளியே நிறுத்துகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.