ஹம்ஸஸந்தேசமும் மாசி மாதத்துப் புறப்பாடும்

தூது செல்லும் பறவைகளைப் பற்றி அண்மைக்கால உபந்யாஸங்களில் ஒரு த்ருஷ்டாந்தம் பரவி வருகிறது. மாசி, பங்குனியில் பழவேற்காட்டு ஏரியை விட்டு வடக்கே எழும் வலசைப் பறவைகள், அர்ச்சிராதி மார்க்கத்தில் செல்லும் முக்தனுக்கு உவமையாகச் சொல்லப்படுகின்றன. கேட்க இனிதாயினும் இது பொருந்தாது. எங்கள் மணவாள நகர்ப் பக்கத்திலிருந்து அவ்வேரிக்குச் சென்று பார்ப்பவர் அறிவர்: மாசியில் போன ஊசிவால் வாத்து ஐப்பசி, கார்த்திகையில் மீண்டு வந்துவிடும். அபுநராவ்ருத்தி எங்கே, ஆண்டுதோறும் மீளும் இதன் போக்கு எங்கே? உவமை சொல்லியே தீரவேண்டுமாயின், புண்யம் தீர்ந்தவாறே திரும்பும் தூமாதி மார்க்கத்துக்கன்றோ இது சேரும்!

இவ்விஷயத்தில் ஸ்வாமி தேசிகனுடைய ஹம்ஸஸந்தேசத்தை நோக்குவது தகும். மேகதூதத்தில் காளிதாஸன் கார்காலத் தொடக்கத்தில் ஹம்ஸங்களை மேகத்துக்குத் துணையாகக் கைலாஸம் வரை போக்கினான். மழை கண்டவுடன் அன்னம் மாநஸம் செல்லும் என்பது கவிஸமயம். நம் தொண்டை நாட்டிலோ வலசை வாத்துகள் ஐப்பசி மழையோடு வருகின்றன; கோடை முற்றுமுன் போய்விடுகின்றன. தேசிகன் அம்மரபோடு வழக்காடவில்லை. பயணத்தின் மறுபாதியை எடுத்துக்கொண்டார். மழை நீங்கிய சரத்காலம்; பெருமாள் மால்யவானில் எழுந்தருளியிருக்கிறார்; அன்னத்தின் வழியோ தெற்கே, திருவேங்கடம், காஞ்சி, திருவரங்கம், திருமாலிருஞ்சோலை என்று இலங்கை வரை. ஹம்ஸம் என்பது பட்டைத்தலை வாத்தே என்பர் அறிஞர் பலர். அது திபெத்து முதலிய உயர்நிலத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, பனிக்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகிறது. ஆக, காலமும் திக்கும் காவ்யத்தில் பழுதறப் பொருந்தின. பிராட்டியிடம் விடும் தூதுக்கு, அத்திக்கு நோக்கி இயல்பாகவே செல்லும் பறவையை அமைத்தது வெறும் அலங்காரமன்று, ஔசித்யம்.

ஆழ்வாருடைய தூது வேறு. திருவாய்மொழி 1.4-இல் நாரை, குயில், அன்னம், கிளி, பூவை என்று விளிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை எப்போதும் கண்ணெதிரே இருப்பவை. முதற்பாட்டின் நாரை தன் சேவலோடு கூடி நிற்பது. பிரிந்தவளுக்கு அதுவே ஆற்றாமையைப் பெருக்குவதும், தூதுரைக்கத் தகுதி தருவதும் ஆகும். சிறகுகளை ஞாநாநுஷ்டாநங்களாகக் கொண்டு இப்பறவைகளை ஆசார்யர்களாக நிர்வஹித்தார்கள் பூர்வர்கள். எம்பெருமானுக்கு அவனது அபராதஸஹத்வத்தை நினைப்பூட்ட வேண்டிய கடகர், ஆண்டில் பாதிக்குமேல் காணாமற்போவது எங்ஙனே?

இவ்விரண்டையும் கலந்து, வலசைப் பறவையைப் பாசுரத்துக்குள் இழுத்து முக்தனாக்குவோர், ஆசார்யஹ்ருதயத்தில் பக்ஷிகளைப் பற்றிய சூர்ணிகைகளை ஒருமுறை ஸேவித்துவிட்டு மேடையேறுவது நலம்.