கூடுதல் நேரம் சலுகையா, உரிமையா? – 685-ஆம் சட்டத்தின் 28-ஆம் பிரிவு குறித்து ஒரு திறனாய்வு

"ஏன் சார் அவங்கள போய்த் தொந்தரவு பண்ணணும்? இடம் கொடுத்ததே பெரிசு." மந்தின் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தந்தை என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய மகளுக்குப் பார்வை குறைவு. எஸ்.பி.எம். தேர்வில் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் நேரமும் கிடைத்தன. கல்லூரிக்குப் போன பிறகு, முதல் பருவத் தேர்வில் இரண்டும் இல்லை. கல்லூரி கொடுக்கவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. தெரிந்த பதிலைக்கூட எழுதி முடிக்க நேரம் போதாமல் வெளியே வந்தாள்.

அந்தத் தந்தையின் பேச்சில் உள்ள பணிவு நமக்குப் பழகியதுதான். ஆனால், சட்டம் அப்படிப் பேசவில்லை. 2008-இல் நடப்புக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றமைப்பைச் செய்து தர வேண்டும் என்கிறது அது. கட்டட வசதி, கருவிகள், பாடப் பொருள்கள், கற்பிக்கும் முறை, பாடத்திட்டம் எல்லாம் அதில் வருகின்றன. உயர்கல்வியும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது. "முடிந்தால் செய்யலாம்" என்று அது எழுதப்படவில்லை. இது இந்தப் பிரிவின் பலம்.

இனி குறைகளைப் பார்ப்போம். முதலாவது, மாணவர் அதிகம் அடிபடும் இடமான தேர்வை இந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "பிற ஆதரவு" என்ற பொதுச் சொல்லுக்குள் அதை நாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 17-ஆம் பிரிவில் தேர்வுக்கான கூடுதல் நேரத்தையும் எழுத்தர் உதவியையும் வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டாவது, கடமையைத் தவறவிட்டால் என்ன தண்டனை என்று 2008-இல் நடப்புக்கு வந்த நம் சட்டம் சொல்லவில்லை. இந்தியச் சட்டத்தில், முதல் மீறலுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அப்படியானால் சட்டத்தை நன்றாக எழுதிவிட்டால் போதுமா? போதாது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் நடந்த நீட் தேர்வில், எழுதுவதில் சிரமம் உள்ள ஒரு மாணவிக்கு உரிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் தரவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது. மறுதேர்வு கிடைக்கவில்லை, ஆனால் நடந்த அநீதியைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்குள் வழி காணும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. தேர்வுப் பணியாளர்களுக்கு முறையாகப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. சட்டத்தில் இருந்த உரிமை, தேர்வு அறையில் நின்றவருக்குத் தெரியவில்லை. சிக்கல் அங்கேதான்.

மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2018-இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, "கூடுதல் நேரம்" என்ற சொல்லையே மாற்றி "ஈடுசெய்யும் நேரம்" என்று வைத்தது. எழுத்தர் உதவி பெறுவோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றது. கூடுதல் என்றால் மற்றவருக்கு இல்லாததைக் கொடுப்பது போலத் தோன்றும். ஈடு என்றால் இழந்ததைத் திருப்பித் தருவது. நாமோ இன்னும் "சிறப்புச் சலுகை" என்றே எழுதுகிறோம். சலுகை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எப்படி நிமிர்ந்து கேட்கும்?

என் மதிப்பீடு இதுதான்: 28-ஆம் பிரிவு நல்ல வாக்கியம், ஆனால் அதைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குத் தூக்கிச் செல்ல ஆள் இல்லை. எஸ்.பி.எம். வரை கிடைத்த வசதி பள்ளி வாசலோடு நின்றுபோகிறது. அந்தக் குறையைச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் நாமே கொஞ்சம் சரிசெய்யலாம்.

ஆசிரியர்களே, படிவம் 5, படிவம் 6 மாணவர் பள்ளியை விட்டுப் போகும் முன் ஒரு கடிதம் கொடுங்கள். எந்த வசதி, எத்தனை நிமிடம், எந்த எழுத்தளவு பயன்பட்டது என்று அதில் குறிப்பிடுங்கள். மாணவர்களே, அந்தக் கடிதத்தோடு மருத்துவர் சான்றையும் சேர்த்து, பருவம் தொடங்கும் முன்பே கல்லூரிக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். தேர்வன்று வாசலில் நின்று கேட்டால் யாருக்கும் தீர்வு கிடைக்காது.

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதில்: "தொந்தரவு இல்லைங்க அண்ணே. சட்டம் அவங்களுக்குக் கொடுத்த வேலையை நாம ஞாபகப்படுத்துறோம், அவ்வளவுதான்." அடுத்த பருவத்துக்கான கடிதத்தை மூவரும் உட்கார்ந்து எழுதினோம்.